பதினெட்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டிய சேதி

என் மகளுக்கு இப்போது ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை என்றாலே படிக்கிறவர்களைக் கடைசி வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்காரவைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் இதை எழுதும் நேரத்தில் தர்ஷினி வீட்டுக்குப் பின்னால் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். நாலரை வயது. கூப்பிட்டால் இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது, வரத்தான் மாட்டேன் என்கிறாள்.

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊருக்கே டீச்சர். தர்ஷினியும் அங்கேதான் வருகிறாள். அவளைக் கழித்துவிட்டால் பதினெட்டு வீட்டுப் பிள்ளைகள். முக்கால்வாசி வீடுகளில் அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. கரும்பு வெட்டும் பருவத்தில் பொழுது விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். சமையலும் பிள்ளைகளைக் கழுவிவிடுவதும் உதவியாளர் பூங்காவனம் அக்காவின் வேலை. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் இன்னும் பத்து வயது மூத்தது.

ஒரு திங்கட்கிழமை செல்வி தன் மகன் சர்வேஷை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பையனுக்கு இடது காதுக்குக் கீழே கொழுக்கட்டை வைத்ததுபோல வீங்கியிருந்தது.

“டீச்சர், பொன்னுக்கு வீங்கின்றாங்க. கழுத்துல தங்கம் போட்டா வத்திடுமாம். நான் தங்கத்துக்கு எங்க போவேன்? இன்னிக்கு லோடு இருக்குது, மேஸ்திரி வேற கத்தினுகீறாரு. இவன இங்கயே வுட்டுட்டுப் போறேனே?”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு உங்களுக்கு வரிசையாகச் சொல்வேன். அன்றைக்கு நான் செய்தது இதுதான். என் கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றி அந்தப் பையனுக்குப் போட்டுவிட்டேன். நாமக்கட்டியை உரைத்துக் கன்னத்தில் பத்துப் போட்டேன். செல்வி கண் கலங்கிவிட்டாள். எனக்கும் பெரிய தருமம் செய்துவிட்ட நினைப்பு. பையன் சங்கிலியோடு மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றான், அதே டம்ளரில் தண்ணீர் குடித்தான், அதே பாயில் தூங்கினான். ஐந்து நாளில் வீக்கம் வற்றியது. சங்கிலியை வாங்கிக் கழுவிப் போட்டுக்கொண்டேன். மற்ற பதினேழு வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்லும் அளவுக்கு அது ஒரு நோய் என்றே நான் நினைக்கவில்லை. எனக்கும் சின்ன வயதில் வந்தது, போனது. இன்னொன்றும் உண்டு. சொன்னால் பாதிப் பேர் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், வருகை குறையும், மேலிடத்தில் ஏன் என்று கேட்பார்கள். இந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் நான் கருணை என்று பெயர் வைத்திருந்தேன்.

இரண்டு வாரத்துக்குமேல் ஒன்றும் இல்லை. பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ தர்ஷினி புளிச்சோற்றை வாயில் வைத்ததும் காதைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மறுநாள் இரண்டு கன்னமும் வீங்கிவிட்டன. அதே வாரத்தில் மையத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. சங்கிலியை இவள் கழுத்தில் போட்டு, பத்துப் போட்டு, வேலையைப் பார்த்தேன். நான்காம் நாள் காலையில் பிள்ளை தலை வலிக்கிறது என்றாள். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தாள். மூன்று முறை வாந்தி. தலையைக் குனிந்து நெஞ்சைத் தொடு கண்ணு என்றேன், கழுத்து மடங்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு. அன்றைக்கு நல்லவேளையாக வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பைக்கை வாங்கி, நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பதில் வராத ஒவ்வொரு முறையும் என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

குழந்தைகள் வார்டில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. பார்த்தவுடன் கேட்டார்: “வீக்கம் வந்து எத்தனை நாள் ஆச்சு? சுத்தி வேற யாருக்காவது இருந்துச்சா?”

நான் சர்வேஷைப் பற்றிச் சொன்னேன். சங்கிலியைப் பற்றியும் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. காதுக்குக் கீழே எச்சில் சுரக்கிற சுரப்பி இருக்கிறது, அதில் ஒரு வைரஸ் புகுந்தால் வருவதுதான் பொன்னுக்கு வீங்கி என்றார். எச்சில், இருமல், தும்மல் வழியாகப் பரவும். பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் சில பேருக்கு அது மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்குப் போய்விடும். சில பேருக்குக் காது போகும். வயதுக்கு வந்த ஆண்களுக்கு விதைப்பை வீங்கும். நாங்கள் மையத்தில் போடவைக்கிற தடுப்பூசியில் தட்டம்மைக்கு உண்டு, இதற்கு இல்லை என்றும் சொன்னார். ஊசி அட்டவணை எனக்கு மனப்பாடம். இது அதில் இல்லை என்பது அன்றுவரை எனக்கு உறைத்ததே இல்லை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும் என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“முதுகுல ஊசி போட்டா காலு வராதுன்றாங்க மேடம். வேணாம். நாங்க சேலம் போறோம்.”

“சேலம் போனாலும் இதத்தான் செய்வாங்கண்ணே,” என்றார் டாக்டரம்மா. “மூளையச் சுத்தியும் தண்டுவடத்தச் சுத்தியும் கொஞ்சம் தண்ணி இருக்கும். அதுல ரெண்டு சொட்டு எடுத்துப் பாக்குறோம். தெளிவா இருந்தா வைரஸு, தானா சரியாகும். கலங்கலா இருந்தா பாக்டீரியா, உடனே பெரிய மருந்து ஏத்தணும். எதுன்னு தெரியாம வைத்தியம் பண்ணச் சொல்றீங்களா?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலும் நெற்றியும் தொடுகிறாற்போல வளைத்துப் பிடிக்க வேண்டும். சிஸ்டர் காலைப் பிடித்தார். கையைப் பிடிக்கிற வேலை எனக்கு. “அம்மா, வேணாம்னு சொல்லும்மா” என்று அவள் கெஞ்சினாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. அதற்குப் பிறகு முடிவு வரும்வரை நானும் அவரும் வராந்தாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் டாக்டரம்மா வந்து, “தண்ணி தெளிவா இருக்கு, வைரஸ்தான்” என்றபோது என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து அழுதார். நான் அழவில்லை. எனக்குப் பசித்தது. வெட்கம் கெட்ட பசி.

மறுநாள் காலையில் குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வந்த சிஸ்டர் சாதாரணமாகக் கேட்டார்.

“நீங்க அங்கன்வாடி டீச்சர்தானே? மத்த அப்பா அம்மாக்கெல்லாம் சொல்லிட்டீங்க இல்ல?”

நான் தர்ஷினியின் போர்வையை இழுத்துவிட்டேன். சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

“இன்னாங்க டீச்சர் நீங்க! அங்க எவளாவது தலைவலின்ற புள்ளைக்குத் தைலம் தடவிக்கினு இருப்பா. உங்களுக்குத் தெரிஞ்சதால தூக்கிகினு ஓடியாந்தீங்க. அவளுக்கு யாரு சொல்லுவா?”

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஓர் அம்மா. மகனுக்கு நிமோனியா. தர்ஷினிக்கு மென்று தின்ன முடியாததால், தான் கொண்டுவந்த சாமைக் கஞ்சியில் பாதியை எங்களுக்குத் தருவார். அவர் சொன்னார்: “எங்க ஊர்ல டவரே கெடையாது. வூடு வூடா ஏறி எறங்கித்தான் சொல்லுவோம். உனக்குக் கையில போன் கீது. சொல்றதுக்கு இன்னா? போ, புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

வராந்தாவுக்குப் போய்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் செய்தி பதிந்தேன். எழுதினால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். என் மகள் படுகிற பாடு, முதுகில் ஊசி, என் தவறு, கடவுள் கருணை எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் பேசி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பூங்காவனம் அக்கா கூப்பிட்டார்.

“டீச்சர், நீங்க அழுவுறத கேட்டுட்டு எல்லாம் பாவம்னுகினு போனை வச்சிட்டாங்க. இன்னா செய்யணும்னு யாருக்கும் தெரியல. ரெண்டு பேரு உங்க பாப்பா செத்துப்போச்சுன்னு நெனச்சிகினு இருக்காங்க.”

உடனே அதை அழித்தேன். சிஸ்டரை நிறுத்தி, என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு, கையில் எழுதிக்கொண்டு மறுபடி பேசினேன். இந்த முறை ஒரு நிமிடத்துக்குள். “நம்ம சென்டர்ல சில புள்ளைங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்குது. உங்க புள்ளைக்கும் வரலாம். ஒட்டி ரெண்டு மூணு வாரம் கழிச்சிக்கூட வரும். காதாண்ட வீங்கினா, மெல்லும்போது வலிக்குதுன்னா, வீங்கின நாள்லேர்ந்து அஞ்சு நாள் வூட்லயே வச்சிக்குங்க. டம்ளர் தட்டு தனியா வைங்க. தலைவலி, வாந்தி, கழுத்து மடங்கல, காது கேக்கல, ஆம்பளைங்களுக்குக் கீழ வீக்கம், இதுல எது வந்தாலும் பத்து கித்து போட்டுக்கினு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. மாசமா இருக்கறவங்க நர்சம்மாகிட்ட கேட்டுக்குங்க. சங்கிலி போடறதுன்னா போடுங்க, ஆனா அது மருந்து இல்ல.” போன் இல்லாத இரண்டு வீடுகளுக்குப் பூங்காவனம் அக்கா நேரில் போய்ச் சொன்னார். அன்று மாலையே வீக்கத்தோடு இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார்கள்.

யார் பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று சிஸ்டர் எச்சரித்திருந்தார். அதனால் என்ன? ஊரே சர்வேஷ் கழுத்தில் என் சங்கிலியைப் பார்த்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து மலைக்கார அம்மாவிடம் கதை பேசினாள். ஆனால் நான் கூப்பிட்டால் திரும்பவில்லை. இடது பக்கம் நின்று கூப்பிட்டேன், வலது பக்கம் நின்று கூப்பிட்டேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார். சத்தம் வெளியே போகாத ஒரு சின்ன அறை. தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்வார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டை விழுந்தது. இன்னொன்று. டப்பா நிறைகிற வரைக்கும் போட்டாள். அந்த அறையில் இருந்த பெண் வெளியே வந்து, “ரெண்டு காதும் சூப்பரா இருக்குங்க. இன்னா ஆச்சுன்னு கேளுங்க, உங்க மேல கோவமா இருக்கு” என்றார்.

“ஏண்டி, அம்மா கூப்ட்டா திரும்ப மாட்டேன்ற?”

“நீதான என் கையப் புடிச்சுகின? உன்னாண்ட பேச மாட்டேன்.”

அவளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதேன். நாலு நாளுக்கும் சேர்த்து அழுதேன். அவள் அதற்கும் மசியவில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாக அப்பா சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

அந்தச் சந்தோஷத்தில் பூங்காவனம் அக்காவுக்கு போன் போட்டேன். அக்கா சந்தோஷப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், இங்க செல்வி பாடுதான் மோசம். அந்தப் பையனாலதான் எல்லாத்துக்கும் வந்துச்சு, டீச்சர் புள்ள சாவக் கெடந்துச்சுன்னு பேசிக்கினு இருக்காங்க. கரும்பு வெட்டுற எடத்துல அவளுக்குத் தண்ணிய தூக்கி ஊத்தறாங்களாம், கொடத்த தொட வுடறதில்ல. ரெண்டு நாளா வேலைக்கே போல அவ.”

போனை வைத்துவிட்டு இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சும்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“ஏம்மே, அந்த டாக்டரம்மா சுத்தி யாருக்கு இருந்துச்சுன்னு கேட்டாங்க இல்ல? எனக்கு இருந்துச்சு.”

“இன்னா இருந்துச்சு?”

“இந்த பக்கம் வீங்கி இருந்துச்சு. அப்ப ஆலையில லோடு எறங்காம ஒரு வாரம் லைன்ல கெடந்தேன் இல்ல? அதுக்குக் கெளம்புன அன்னிக்குத்தான். கடவாப் பல்லு வலின்னு நெனச்சேன். மாத்திரை வாங்கிப் போட்டுகினேன். ஞாயித்துக்கெழம லோடு ஏத்தும்போது செல்வி பையன் வண்டியாண்ட வந்து கரும்பு வோணும்னு நின்னான். கத்தி இல்ல. பல்லால உரிச்சி, கடிச்சிக் கடிச்சிக் குடுத்தேன். ஒரு முழுக் கரும்பு.”

நான் விரலை மடக்கி எண்ணினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சர்வேஷுக்கு வீங்கிய திங்கட்கிழமை வரை பதினைந்து நாள். சிஸ்டர் சொன்ன இரண்டு மூன்று வாரக் கணக்கு. அந்த வாரம் முழுக்க இவர் ஆலை வாசலில் கிடந்ததால்தான் எங்கள் பிள்ளைக்கு நேராக வரவில்லை. வரவேண்டியது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. கரும்புக் காட்டில் பிள்ளைக்குக் கரும்பு கடித்துக் கொடுக்காத ஆள் யார்? நானே எத்தனையோ பிள்ளைக்குக் கடித்துக் கொடுத்திருக்கிறேன். அவரைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை.

“இத சொல்லணும்,” என்றேன்.

“சொன்னா ஊரே நம்மளத் துப்பும். உன் வேலை இன்னா ஆவும்?”

“இப்ப செல்வியத் துப்புது. அது பரவாயில்லையா உங்களுக்கு?”

அவர் எழுந்து டீக்கடை வரைக்கும் போனார். டீ குடிக்காமலே திரும்பி வந்தார். “போனைக் குடு,” என்றார். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு பதிந்தார்: “நான் டிராக்டர்காரன் பேசறேன். பொன்னுக்கு வீங்கி முதல்ல எனக்குத்தான் வந்துச்சு. பல்லு வலின்னு இருந்துட்டேன். நான் கடிச்ச கரும்பத் தின்னுதான் சர்வேஷுக்கு வந்துச்சு. அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. செல்வி மேலயும் தப்பு இல்ல. கேக்கணும்னா என்னாண்ட வந்து கேளுங்க.” அடுத்து நான் பேசினேன். சர்வேஷுக்கு வீங்கிய அன்றே சொல்லாதது என் தவறு என்று ஒரே வாக்கியம். ஏழு நிமிடம் பேசி நான் கற்றுக்கொண்ட பாடம் அது.

குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இரவு செல்வி எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினாள். எடுத்த எடுப்பில் கத்தினாள். “உங்க வூட்ல வச்சிகினு எம்புள்ளைய இத்தினி நாளு எல்லாரும் ஏசினு கெடந்தாங்களே டீச்சர்! சங்கிலி போட்டீங்களே, அன்னிக்கே ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னா?” கடைசியில், “பாப்பா சாப்டுதா?” என்று கேட்டு முடித்தாள். ஒரு வார்த்தைகூட அவள் ஜாஸ்தியாகப் பேசவில்லை.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மலைக்கார அம்மா மிச்சமிருந்த சாமையை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். ஊரில் ஒன்றிரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலதிகாரி விளக்கம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேருக்கு வீங்கியது. மூன்று பேரையும் அன்றைக்கே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதோடு நின்றது.

செல்வி மட்டும் சர்வேஷை அனுப்பவே இல்லை. ஒரு வாரம் பார்த்தேன். நானே போய்க் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் காலை எட்டரை மணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். மற்ற அம்மாக்களும் பிள்ளைகளை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், இவனுக்குக் காலையிலேர்ந்து ரெண்டு வாட்டி வயித்தால போச்சு. உள்ள வுடல. நேத்து ராத்திரி, நாளைக்கு டீச்சராண்ட போலாம்னு சொல்லும்போது நல்லாத்தான் இருந்தான். நான் இன்னிக்கு வேலைக்குப் போல, வூட்ல வச்சிக்கறேன். மத்தவங்களுக்குச் சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்றேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கொடுத்தேன். அவள் போனதும் குழுவில் பேசினேன்: “நம்ம புள்ளைங்கள்ல ஒருத்தருக்கு வயித்தால போவுது. தண்ணிய காய்ச்சிக் குடுங்க, கை கழுவ வைங்க. உங்க புள்ளைக்கும் போச்சுன்னா வூட்ல வச்சிகினு எனக்குச் சொல்லுங்க.” முக்கால் நிமிடம். பெயர் இல்லை.

அனுப்பிய மறு நிமிடமே அதற்குக் கீழே செல்வியின் குரல் வந்தது. பதினெட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.

“அது எங்க சர்வேஷுதான். இப்ப தேவலாம்.”